சட்டக் கல்லூரி டீனை நேரில் சந்தித்த அனுபவம் உண்டா?

மணல்கடிகாரம்:
ஆய்வேட்டில் கையெழுத்து வாங்கப் போனேன். அவருடைய கட்டுரைகளைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். மேஜை முழுக்கக் கோப்புகள்: வருகைப்பதிவு குறைந்தவர்களின் மனுக்கள், கட்டடக் குழு, தேர்வு அட்டவணை. என் ஆய்வேட்டை நடுவில் பிரித்து, ஒரு மேற்கோளின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். "இது தீர்ப்பின் அடிப்படைக் காரணமா, நீதிபதி போகிற போக்கில் சொன்னதா?" அந்த ஒரு நிமிடம் அவர் முகமே மாறிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. எடுக்கும் முன் சொன்னார்: "டீன் ஆனதிலிருந்து நான் எழுதுவதெல்லாம் கையெழுத்துதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைசிபெஞ்ச்:
பதவி எழுத்தைக் கொல்லும் என்பதெல்லாம் சாக்கு. அமெரிக்கச் சட்ட அறிஞர் ராஸ்கோ பவுண்ட் 1916 முதல் 1936 வரை ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் டீன். அந்த வருடங்களிலும் புத்தகம் எழுதினார். 1870இல் அங்கே டீன் ஆன லாங்டெல், தீர்ப்புகளையே பாடமாக வைத்து நடத்தும் முறையைக் கொண்டுவந்தார். எங்கள் டீன் ஒப்பந்தச் சட்ட வகுப்பை யாருக்கும் விட்டுத் தரமாட்டார். என்னை எழுப்பி வாதிக்காகப் பேச வைத்தார். பேசி முடித்ததும், "சரி, இப்போது பிரதிவாதிக்காகப் பேசு." மணி அடித்தும் உட்கார விடவில்லை.

மணல்கடிகாரம்:
பவுண்டின் ஐந்து தொகுதி சட்டவியல் நூல் வந்தது 1959இல். பதவியை விட்டு 23 வருடம் கழித்து! அதையும் சொல்லுங்கள்.

தாழ்வாரம்:
இருவரும் ஹார்வர்டைப் பிடித்துக்கொண்டதால் சொல்கிறேன். 1950இல் அங்கே பெண்களைச் சேர்த்தபோது டீன் கிரிஸ்வோல்ட். அவரேதான் 1956இல் புது மாணவிகளை விருந்துக்கு அழைத்து, 'ஓர் ஆணுக்குரிய இடத்தில் நீங்கள் ஏன்?' என்று கேட்டார். பதில் சொன்னவர்களில் ஒருவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. என் சேர்க்கை நேர்காணலில் டீன் கேட்டது, "கல்யாணம் ஆனால் பாதியில் விட்டுவிடுவாயா?" பக்கத்தில் இருந்த பையனிடம் பிடித்த வழக்கு எது என்று கேட்டார்.

அப்புறம், ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: டீனை நெறியாளராகக் கேட்காதீர்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால் இணை நெறியாளர் ஒருவரையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முழு ஏட்டையும் நீட்டாமல் ஒவ்வோர் அத்தியாயமாகக் கொடுங்கள், சந்தேகத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சேர்க்கை நடக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். பதவிக்காலம் எப்போது முடிகிறது என்று முதலிலேயே அலுவலகத்தில் விசாரித்து வைப்பதும் நல்லது.