ஃபிஷ் கச்சேரிக்கு அமெரிக்கா போவதென்றால்: எந்த ஊர், எத்தனை இரவு?

எடைமேடை கிராணி (சுங்கை சிப்புட்)

வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனை ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். குலை ஏற்றிய லாரி மேடையில் ஏறும், எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். காலியாகத் திரும்பும்போது மறுபடி எடை. வரிசையைக் கவனிக்க வேண்டும் என்பதால் ஒரு காதில் மட்டும் இயர்போன். ஓட்டுநர் ஒருவர் உள்ளே போகும்போது என்ன பாட்டு என்று கேட்பார், குலையைக் கொட்டிவிட்டு வெளியே வரும்போது "இன்னும் அதே பாட்டா?" என்பார். அதேதான். 2013 ஜூலை 31 அன்று லேக் டாஹோவில் ஃபிஷ் வாசித்த 'ட்வீசர்' 36 நிமிடங்களுக்கு மேல் ஓடும்.

தெரியாதவர்களுக்காக: 1983இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கிய குழு. கிட்டார் டிரே அனஸ்டாசியோ, பேஸ் மைக் கார்டன், கீபோர்டு பேஜ் மெக்கானல், டிரம்ஸ் ஜான் ஃபிஷ்மன். பாட்டின் நடுவில் கதவைத் திறந்துகொண்டு எங்கோ போய்விடுவார்கள். திரும்பி வருவார்களா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. நியூயார்க்கில் கோடைக்காலச் சனிக்கிழமை இரவு நடக்கும் கச்சேரி நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். பணம் கட்டி இணையத்தில் நேரலையாகப் பார்க்கிறேன். அம்மா பசியாற அழைத்து அழைத்து ஓய்ந்துவிடுகிறார்.

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். சேமிப்பு ஓரளவு உண்டு. ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்தும் எடுக்கலாம் (அப்பாவிடம் சொல்லவில்லை). மூன்று யோசனைகள்: லாஸ் வேகஸில் பெரிய திரை உள்ள ஸ்பியர் அரங்கு, கொலராடோவில் செப்டம்பர் தொடக்க விடுமுறைக் கச்சேரி, நியூயார்க்கில் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஆண்டிறுதிக் கச்சேரி. செலவைக் குறைக்க ஒரே ஓர் இரவுக்கு மட்டும் டிக்கெட் வாங்கினால் போதுமா? தனியாகத்தான் போவேன். அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை.

தைப்பிங் மழை

ஒரு பாட்டை அரை மணி நேரம் இழுத்து வாசிப்பதைக் கேட்க அமெரிக்காவா? நம் உறுமி மேளக் குழுக்கள் நிற்காமல் அடிப்பதற்கு என்ன குறைச்சல்? தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனால் டோல் கட்டணத்தோடு முடிந்தது.

பழைய ஒயர்மேன் (பாகான் செராய்)

தைப்பிங் நண்பரே, ஈப்போ கல்லுமலையில் இல்லாத உறுமியா? அப்படியும் பிடித்த குழு அடிக்கிறது என்றால் நம் பையன்கள் வேன் பிடித்துப் பத்துமலைக்கும் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் போகத்தானே செய்கிறார்கள்? தங்கச்சியின் வேனுக்குக் கொஞ்சம் தூரம் அதிகம், அவ்வளவுதான்.

தங்கச்சி, ஒரே ஓர் இரவுக்காகப் போகாதீர்கள். அதைவிட வீட்டில் இருந்து நேரலை பார்ப்பது மேல். இந்தக் குழுவின் வாசிப்பு இரவுக்கு இரவு மாறும். பாட்டு வரிசை முன்கூட்டி யாருக்கும் தெரியாது. எந்தப் பாட்டு வந்து எத்தனை கச்சேரி ஆயிற்று என்று ரசிகர்கள் பேரேடு போல எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் மந்தமாகவும் போகும். உங்கள் ஒரே இரவு அந்த மந்தமான இரவாக அமைந்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? ஒரே அரங்கில் மூன்று நான்கு இரவு வாசிக்கும்போது பெரும்பாலும் பாட்டுகளைத் திருப்பி வாசிக்க மாட்டார்கள். 2017இல் அதே நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் பதின்மூன்று இரவு வாசித்தார்கள், ஒரு பாட்டுகூட இரண்டாம் முறை வரவில்லை. அப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலையில் இருந்தேன். கடைசி மூன்று இரவுகளுக்குப் போய்விட்டேன். ஒவ்வோர் இரவுக்கும் ஒரு டோனட் பெயர், முன்னால் வருபவர்களுக்கு அந்த டோனட் இலவசம். நான் சென்ற முதல் இரவு எலுமிச்சை. நமக்கு அது ரொம்பப் புளிப்பில்லை, இனிப்புதான் தூக்கல். கடைசி இரவு அரங்கின் கூரையருகே குழுவின் பெயரில் கொடி ஏற்றினார்கள்.

அந்த அரங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் ஒரே தாளத்தில் குதிக்கத் தொடங்கியதும் காலுக்கடியில் தளம் மேலும் கீழும் அசையும். மேல்மாடத்தில் இருந்த நான் முதல் முறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். விளக்குகளை இயக்குபவர் கிறிஸ் குரோடா. நான்கு பேரும் எங்கே போகிறார்கள் என்று காதால் கேட்டே விளக்கைத் திருப்புகிறார். ஒயர் வேலை பார்த்தவன் என்பதால் பாதி நேரம் நான் மேடையைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பியரில் 2024 ஏப்ரலில் நான்கு இரவு வாசித்தார்கள். நான் நேரலையில் பார்த்ததோடு சரி. அந்தப் பெரிய திரை அற்புதம்தான், ஆனால் முதல் முறை போகிறவருக்குக் கண் முழுவதும் திரைமேல் போய்விடும். அது இரண்டாம் பயணத்துக்கு என்பது என் கட்சி.

கொலராடோவில் டென்வரை ஒட்டிய காமர்ஸ் சிட்டி கால்பந்து மைதானத்தில் 2011 முதல் 2024 வரை, 2020 தவிர, செப்டம்பர் விடுமுறையில் வாசித்தார்கள். ஆனால் 2025இல் போல்டர் பல்கலைக்கழக மைதானத்துக்கு மாற்றி, ஜூலை 3, 4, 5 என்று வைத்துவிட்டார்கள். 'வழக்கமாக நடக்கும்' என்று நம்பி விமான டிக்கெட்டை முதலில் வாங்கியவர் கையைப் பிசைய வேண்டியதுதான். டென்வர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம், நம் கேமரன் மலைத் தானா ராத்தாவைவிடக் கூடுதல். ஆடிக்கொண்டே மூன்று மணி நேரம் நின்றால் மூச்சு வாங்கும். காற்றும் காய்ந்த காற்று.

முதலில் விசா. மலேசியருக்கு அமெரிக்கா விசா இல்லாமல் விடாது. விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மறுத்தாலும் திருப்பித் தர மாட்டார்கள். மேலும் ஏதாவது கூட்டியிருக்கிறார்களா என்று தூதரக இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணல் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில். நாள் கிடைக்கவே மாதக்கணக்காகலாம். விசா கையில் வந்த பிறகு கச்சேரி டிக்கெட், அதன் பிறகுதான் விமானம். குழுவே தன் டிக்கெட்டில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் விற்கும். அதில் பெயர் கொடுங்கள். விழவில்லை என்றால் 'கேஷ் ஆர் டிரேட்' தளத்தில் ரசிகர்கள் வாங்கிய விலைக்கே விற்பார்கள். வாசலில் நின்று விற்பவனிடம் போகாதீர்கள்.

தெலுக் இந்தான் அக்கா

ஒயர்மேன் அண்ணன் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தனியாகப் போகும் பெண்ணுக்கு இந்த மாதிரிக் கூட்டம் பயப்படும்படியானது இல்லை. எல்லா வயதினரும் வருகிறார்கள், தெரியாதவர்களே இடம் பிடித்து வைக்கிறார்கள். பயமெல்லாம் கச்சேரி முடிந்து நள்ளிரவில் விடுதிக்குத் திரும்பும் வழியில்தான். அறையை அரங்குக்குப் பக்கத்திலோ, ரயில் நேராக வரும் இடத்திலோ எடு. காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை, தங்கை.

அமெரிக்கா தள்ளிப்போனால் ஜப்பானை நினைத்துப் பார். நமக்கு விசா வேண்டாம். ஃபுஜி ராக் விழா ஜூலைக் கடைசியில் நாயேபா மலையில் நடக்கிறது. டோக்கியோவிலிருந்து எச்சிகோ யுசாவாவுக்குப் புல்லட் ரயில், அங்கிருந்து பஸ். உன் ஃபிஷ் குழுவே 1999இல் அங்கே மூன்று நாள் வாசித்திருக்கிறது. 2000 ஜூனில் மறுபடி ஜப்பானுக்கு வந்து ஃபுகுவோக்காவில் டிரம் லோகோஸ் என்ற சிறிய கூடத்தில் வாசித்ததை ஒலித்தட்டாகவும் வெளியிட்டார்கள். இப்போது அவர்கள் வருவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபீல்ட் ஆஃப் ஹெவன் என்ற மேடையில் இந்த வகை இசை நிச்சயம் கிடைக்கும். மழை கொட்டும், மேடைப் பக்கம் குடை பிடிக்க விட மாட்டார்கள். நான் சித்தப்பா தோட்டத்தில் மாட்டும் கறுப்பு ரப்பர் பூட்டைப் பையில் திணித்துக்கொண்டு போனேன். விலை உயர்ந்த மலையேறும் காலணி போட்டு வந்தவர்கள் சேற்றில் திண்டாட, நான் மகாராணி மாதிரி நடந்தேன்.

எடைமேடை கிராணி

அக்கா, ரப்பர் பூட் என்னிடமும் இருக்கிறது! ஆனால் முதல் பயணம் இவர்களைப் பார்க்கத்தான். ஜப்பானைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன், கொலராடோவை அடித்துவிட்டேன். தேதி மாறுவது இருக்கட்டும், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை எங்களுக்குக் குலை அதிகம் வரும் காலம். லாரி வரிசை சாலை வரைக்கும் நிற்கும். அப்போது விடுப்புக் கேட்டால் மேலாளர் என்னையே மேடையில் ஏற்றி எடை போட்டுவிடுவார். டிசம்பர் கடைசியில் வரத்து குறைவு, விடுப்பும் சேர்த்து வைத்திருக்கிறேன். அப்படியானால் நியூயார்க்தான். 31ஆம் தேதி டிக்கெட் கிடைக்குமா? 2023 டிசம்பர் 31இல் பாட்டுகளாலேயே சொல்லும் 'கேம்ஹெண்ட்ஜ்' கதையை 1994க்குப் பிறகு முதல் முறையாக முழுவதும் வாசித்தார்களே, அதை நேரலையில் பார்த்தபோது கையைத் தட்டித் தட்டி மேசையில் இருந்த மைலோ கொட்டிவிட்டது.

இன்னொன்று: விசா நேர்காணலில் கச்சேரி பார்க்கப் போகிறேன் என்றே சொல்லலாமா, சிரிப்பார்களா?

பழைய ஒயர்மேன் (பாகான் செராய்)

உள்ளதைச் சொல்லுங்கள். என்னிடம் கேட்ட அதிகாரி எந்தக் குழு என்று கேட்டார், சொன்னேன், தலையாட்டினார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர்களுக்கு வேண்டியது நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம். சம்பளச் சீட்டு, ஆலை கொடுக்கும் விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கடப்பிதழ் காலாவதி ஆக எத்தனை மாதம் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

31ஆம் தேதிதான் கிடைப்பதற்குக் கடினம். அன்று மட்டும் மூன்று பகுதியாக வாசிப்பார்கள். 28, 29, 30 என்று மூன்று இரவுகளை உறுதி செய்துகொண்டு, நான்காவதைக் குலுக்கலுக்கு விடுங்கள். அன்று டைம்ஸ் ஸ்குவேர் பக்கம் தெருக்களை அடைத்துவிடுவார்கள், அரங்குக்கு முன்கூட்டியே போய்விடுங்கள். மன்ஹாட்டனில் ஆண்டிறுதியில் அறை வாடகை கேட்டால் மயக்கம் வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூவார்க்கில் தங்குங்கள். ரயில் பென் ஸ்டேஷனுக்கு வரும், அரங்கு அந்த ஸ்டேஷனுக்கு மேலேயே இருக்கிறது. அக்கா கேட்ட நள்ளிரவுப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்தது. கடைசி ரயில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு ஈப்போவில் போய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். என் மனைவியின் கனமான குளிர்சட்டை அலமாரியில் சும்மா தொங்குகிறது, நடுத்தர அளவு. பொருந்துமென்றால் சொல்லுங்கள், அடுத்த மாதம் சுங்கை சிப்புட் வழியாகத்தான் ஈப்போ போகிறோம். அம்மாவிடமும் அப்போதே பேசிவிடுகிறோம். மூன்றாவது கணக்கைப் பற்றி அப்பாவிடம் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.