முடிச்சூரில் அடுக்குமாடி, பாளையங்கோட்டையில் தனி வீடு: விலை ஏறக்குறைய ஒன்று, தரம்?

கேள்வி: திருவான்மியூர் வாடகைதாரர்

நானும் கணவரும் 14 ஆண்டுகளாகச் சென்னையில் வாடகைக்கு இருக்கிறோம். சென்ற மாதம் சமையலறைக் கூரையிலிருந்து முறம் அளவுக்குச் சிமென்ட் பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. மகள் அப்போதுதான் தண்ணீர் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போயிருந்தாள். விழுந்த இடத்தில் கம்பி துருவேறி, செதில் செதிலாக உரிந்து தெரிகிறது. இனிச் சொந்த வீடுதான் என்று அன்றிரவே முடிவு செய்துவிட்டோம்.

இரண்டு இடங்கள் பார்த்திருக்கிறோம். முடிச்சூர் சாலைப் பக்கம் வேலை முடியும் நிலையில் ஓர் அடுக்குமாடி வீடு. 950 சதுர அடி என்கிறார்கள். விலை 62 லட்சம், பிரிபடாத மனைப் பங்கு 430 சதுர அடி. மற்றொன்று கணவரின் ஊரான பாளையங்கோட்டைக்கு வெளியே 5 சென்ட் மனை. சென்ட் ஆறரை லட்சம். அதில் 1,200 சதுர அடியில் வீடு கட்ட, சதுர அடிக்கு 2,400 ரூபாய் கேட்கிறார் ஒப்பந்தக்காரர். பத்திரச் செலவு நீங்கலாக அதுவும் 61 லட்சத்தைத் தாண்டுகிறது. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஊருக்குப் போவதில் தடையில்லை.

நகரத்தில் கூடுதல் விலை கொடுத்தால் கட்டடமும் உறுதியாக இருக்கும் என்கிறார் அண்ணன். ஊரில் நம் கண்ணெதிரே கட்டினால் யாரும் ஏமாற்ற முடியாது என்கிறார் மாமனார். வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்

வணக்கம் அம்மா. 31 ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவன், பாதிக் காலம் சென்னை, மீதி தெற்கே. இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

முதலில் அந்த 62 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். 950 சதுர அடியை அதே 2,400 ரூபாயால் பெருக்கினால் 23 லட்சம்கூட வராது. மீதி 39 லட்சமும் மண்ணுக்கும் லிஃப்டுக்கும் கட்டியவரின் லாபத்துக்கும் போகிறது. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. முடிச்சூரில் உங்கள் பங்காக வரும் மண் ஒரு சென்ட்கூட இல்லை. ஊரில் அதே அளவு மண் ஆறரை லட்சம். சிமென்ட், கம்பி விலையில் இரண்டு ஊருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. கூலியில் உண்டு, ஆனால் அதுவும் இந்த இடைவெளியை நிரப்பாது. ஆக, நீங்கள் அதிகமாகக் கொடுப்பது இடத்துக்கு. அந்தப் பணத்தால் தூணில் ஒரு கம்பி கூடிவிடாது.

2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அன்று நான் போரூரில் வேறொரு வேலையிடத்தில் இருந்தேன். அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் என்னோடு வேலை செய்தவர்களைப் போன்ற கூலித் தொழிலாளிகள். நகரத்து விலை உறுதிக்கு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது.

மாமனார் சொல்வதில் பாதி உண்மை. கண்ணெதிரே கட்டினால் நல்லதுதான், ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நெல்லையில் ஒரு வீட்டுக்காரர் தினமும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சிமென்ட் மூட்டையை ஒன்று விடாமல் எண்ணுவார். மே மாதம் தளம் போட்டார்கள். காலையும் மாலையும் குழாயில் தண்ணீர் அடித்தார்கள். பகல் மூன்று மணிக்கு நான் மேலே ஏறிப் பார்த்தபோது தளம் வெள்ளை வெளேரென்று காய்ந்து, மயிரிழைக் கீறல்கள் ஓடியிருந்தன. மூட்டை ஒன்றும் திருடுபோகவில்லை, தளம் மட்டும் போயிற்று. மேலே பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் 10 நாளுக்குக் குறையக்கூடாது. இப்போது கிடைப்பதில் பெரும்பகுதி சாம்பல் கலந்த சிமென்ட், அதற்கு எந்தப் பருவத்திலும் 10 நாள் வேண்டும்.

உங்கள் சமையலறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்ற சிறு சிமென்ட் வில்லை வைக்க வேண்டும். தளத்துக்கு 20 மில்லிமீட்டராவது வேண்டும், கடலோரத்தில் அதற்கு மேல். சோம்பல்பட்டு ஜல்லிக் கல்லைச் சொருகிவிடுவார்கள். கான்கிரீட் கொட்டும்போது நாலு பேர் மேலே நடந்தால் கல் நழுவி, கம்பி அடியில் தாங்கும் பலகையோடு படிந்துவிடும். அப்புறம் உப்புக் காற்றும் ஈரமும் அதை எட்ட அதிக நாள் ஆகாது. துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைக் கீழே தள்ளும். வெறும் பூச்சு பூசி மறைக்கச் சொல்லாதீர்கள். மற்ற அறைகளிலும் கோலால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று ஒலித்தால் அங்கே யாரும் படுக்க வேண்டாம்.

முடிச்சூர் வீட்டைப் பார்க்கப் போனால் மாதிரி வீட்டில் நேரத்தைச் செலவிடாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்துக்கும் படிக்கட்டின் அடிப்புறத்துக்கும் போங்கள். பூசாத கான்கிரீட் அங்கேதான் கிடைக்கும். தூணின் அடியில் ஜல்லி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் கான்கிரீட் சரியாக இறுகவில்லை என்று பொருள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை விற்பவரிடம் கேட்காமல் எதிர்க் கடைக்காரரிடம் கேளுங்கள்.

பதில்: பாளையங்கோட்டை ஆசிரியை

ஐயா கட்டடத்தைச் சொன்னார், நான் மண்ணைச் சொல்கிறேன். நாங்கள் 2021இல் வீடு கட்டியது வயலாக இருந்த மனையில். நாலடி வாணம், அதாவது அஸ்திவாரக் குழி, போதும் என்றார் ஒப்பந்தக்காரர், நாங்களும் தலையாட்டினோம். களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். இரண்டாம் கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பியது. இன்று அதில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் வாசலின் மூன்றாம் படி வரை தண்ணீர் நின்றது. வெள்ளம் சென்னைக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தோம்.

முன்பணம் கொடுக்கும் முன் சிட்டா என்ற நிலப் பதிவேட்டைப் பாருங்கள், நஞ்சையா புன்செய்யா என்று அதிலேயே இருக்கும். மனையில் ஒரு குழி தோண்டி, அடிமண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவைச் செலவென்றே நினைக்காதீர்கள். அதை மிச்சம் பிடித்ததற்கு இப்போது எவ்வளவோ கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்: மதுரை வழக்குரைஞர்

சுருக்கமாக ஒன்று. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவான அடுக்குமாடியில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைக் குறையோ தெரிந்தால், கட்டியவர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் நீங்களே ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டும் வீட்டுக்கு இந்தச் சட்டத்தின் காப்பு கிடையாது. அங்கே ஒப்பந்தத் தாள்தான் உங்கள் துணை. என்ன சிமென்ட், என்ன கம்பி, எந்த நிலையில் எவ்வளவு பணம், குறை வந்தால் யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றையும் எழுதி வாங்குங்கள். அடுக்குமாடி என்றால் 950 என்ற கணக்கை விட்டுவிட்டு, கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நீங்கள் உண்மையில் புழங்கும் தரைப் பரப்பு, எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஞாயிறன்று முடிச்சூர் போனோம். கார்ப்பெட் ஏரியா 700 சதுர அடிதானாம். கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் ஆறு தூண்களைப் பார்த்தேன். இரண்டின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பூச்சு, மற்றவற்றில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அழகுக்காக என்றார் அங்கிருந்தவர். எதிரில் இருந்த தேநீர்க் கடைக்காரர் 2015இல் தண்ணீர் நின்ற உயரத்தைத் தன் மார்பில் கைவைத்துக் காட்டினார். அந்த வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

மாமனார் ஊரில் சிட்டா பார்த்துவிட்டார், புன்செய்தான். குழியும் தோண்டினார். மூன்றரை அடியில் கடப்பாரை இறங்காத செம்மண் சரளை. படம் அனுப்பியிருக்கிறார், உள்ளங்கையில் அந்த மண்ணோடு. மண் பரிசோதனைக்கும் சொல்லியாகிவிட்டது.

மேற்பார்வையாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கவர் பிளாக்கை நாங்களே வாங்கிக் கொடுத்தால் ஒப்பந்தக்காரர் வருத்தப்படுவாரா?

மேற்பார்வையாளர்

பட்டால் படட்டும் அம்மா, வாங்கிக் கொடுங்கள். தளம் போடும் நாள் காலையில் மாமனாரை மேலே ஏறச் சொல்லுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே அவர் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாத இடத்தில் கான்கிரீட் கொட்ட விடக்கூடாது.