கோபோல் மட்டும் போதுமா? மெயின்ஃப்ரேமில் இப்போது எந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள்

புதுவழி:

வணக்கம். ஜாவாவிலும் எஸ்க்யூஎல்லிலும் கை பழகிய ஒருவர் மெயின்ஃப்ரேம் (வங்கி போன்ற இடங்களின் பெரிய மையக் கணினி) பக்கம் வருவதானால் எங்கே தொடங்குவது சரி? வேலை அறிவிப்புகளில் கோபோல் மொழி, ஜாப் ஓட்டும் கட்டளை மொழியான ஜேசிஎல், டிபி2 தரவுத்தளம், பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ், விசாம் ஃபைல்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். எதை ஆழமாகப் படிப்பது, எதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்று பிடிபடவில்லை. சிஸ்டம் புரோகிராமர் (இயங்குதளத்தை நிறுவிப் பராமரிப்பவர்) வேலைக்குத்தான் ஆள் பற்றாக்குறை அதிகம் என்கிறார்களே, புதிதாக வருகிறவருக்கு அந்தக் கதவு திறக்குமா? கோபோலை ஜாவாவாக மாற்றித் தரும் கருவிகள் வந்துவிட்ட பிறகு இதில் இறங்குவது சரியா என்பதும் ஒரு தயக்கம். வீட்டுக் கணினியில் பழக என்ன வழி இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

பேட்ச்விண்டோ:

கோபோல் இலக்கணத்தை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம். அதற்காக யாரும் ஆள் தேடுவதில்லை. இரவில் ஓடும் ஜாப் (பல ஸ்டெப்புகளாக ஓடும் தொகுப்பு வேலை) விழுந்தால் ஏன் விழுந்தது, எங்கிருந்து மறுபடி ஓட்டுவது, ஓட்டினால் எந்தத் தரவு இரண்டு முறை பதிவாகும் என்று சொல்லக்கூடியவர்தான் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். அதனால் ஜேசிஎல்லையும் அபெண்டுகளையும் (ஜாபைப் பாதியில் விழவைக்கும் பிழைகள்) கோபோலுக்கு இணையாக, ஏன், ஒரு படி கூடுதலாகவே படியுங்கள்.

எஸ்0சி7-ஐ எடுத்துக்கொள்வோம். எண்ணாக இல்லாத ஒன்றை எண்ணாக நினைத்துக் கணக்குப் போடும்போது வரும் அபெண்ட் இது. எஸ்9(5) காம்ப்-3 (குறியோடு ஐந்து இலக்கம், பைட்டுக்கு இரண்டாகப் பொதிந்த "பேக்ட்" எண்) என்று அறிவித்த புலம் 3 பைட் பிடிக்கும். அதில் +12345 இருந்தால் ஹெக்ஸில் 12 34 5சி. கடைசி அரை பைட்தான் குறி: சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல், எஃப் என்றால் குறியில்லாதது. அந்தப் புலம் அடங்கிய குரூப் முழுவதற்கும் யாரோ ஸ்பேஸ் மூவ் செய்திருந்தால் உள்ளே 40 40 40 என்று கிடக்கும். கடைசி அரை பைட் 0. அது குறியே இல்லை. ஆட் செய்த கணத்தில் ஜாப் விழும்.

பார்க்கும் வரிசை இது. சிஇஇடம்பில் (விழுந்த கணத்தின் நிலையைக் காட்டும் அறிக்கை) எந்த புரோகிராம், எந்த ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி) என்று இருக்கும். லிஸ்ட் அல்லது ஆஃப்செட் ஆப்ஷனோடு எடுத்த கம்பைல் லிஸ்டிங்கில் அந்த ஆஃப்செட் எந்த வரி என்று கண்டுபிடியுங்கள். அந்த வரியில் எத்தனை எண் புலங்கள் இருக்கின்றனவோ அத்தனையையும் ஹெக்ஸில் பாருங்கள். முதலில் கண்ணில் பட்டதைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். பிறகு எந்த உள்ளீட்டு ரெக்கார்டில் நின்றது என்று பஃபரில் தேடுங்கள். ஃபால்ட் அனலைசர், அபெண்ட்-எய்ட் போன்ற டம்ப் ஆராயும் கருவிகள் இருக்கும் இடத்தில் இந்த வேலை சில நிமிடத்தில் முடியும். ஆனாலும் கையால் ஒரு முறை செய்து பார்க்காதவருக்கு அந்த ரிப்போர்ட் புரியாது.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: இனிஷியலைஸ் விட்டுப்போனது, மேலே ஓடிய புரோகிராம் தப்பாக எழுதியது, காப்பிபுக்கில் (பல புரோகிராம்கள் பகிரும் ரெக்கார்ட் அமைப்பு) புலம் சேர்த்துவிட்டு ஒரு புரோகிராமை மட்டும் மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டது. மூன்றாவதுதான் ஆளைச் சுற்ற வைக்கும், ஏனென்றால் சேர்த்த இடத்துக்குப் பின்னால் உள்ள எல்லாப் புலமும் ஒரு சில பைட் தள்ளி நிற்கும், முன்னால் உள்ளவை சரியாகத் தெரியும். இஃப் நியூமெரிக் ஒன்றைப் போட்டு மூடிவிடுவது தீர்வாகாது. கெட்ட ரெக்கார்ட் சத்தமில்லாமல் அடுத்த ஃபைலுக்குப் போய்விடும்.

ஜேசிஎல்லில் புதியவர்கள் தவறாமல் இடறும் இடம் காண்ட், அதாவது ஒரு ஸ்டெப்பைத் தாண்டுவதற்கான நிபந்தனை. காண்ட்=(4,எல்டி) என்றால் "ரிட்டர்ன் கோட் 4-க்குக் குறைவாக இருந்தால் ஓட்டு" என்று படிக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர்: 4 என்பது முந்தைய ஏதாவது ஒரு ஸ்டெப்பின் ரிட்டர்ன் கோடைவிடக் குறைவாக இருந்தால் இந்த ஸ்டெப்பைத் தாண்டு. புதிதாக எழுதும்போது இஃப்-தென்-எல்ஸ் பயன்படுத்துங்கள், படிப்பவருக்கும் சுளுவு. பழைய ஜாபில் காண்ட் இருக்கத்தான் செய்யும், அதனால் இரண்டும் தெரிய வேண்டும்.

ரீஸ்டார்ட்டில் ஜிடிஜி (ஒரே பெயரில் தலைமுறை தலைமுறையாகச் சேரும் ஃபைல்கள்) இன்னொரு பொறி. ஸ்டெப் 2, (+1) என்று புதுத் தலைமுறையை உருவாக்கி கேட்டலாகில் ஏற்றிவிட்டது. அதைப் படிக்கும் ஸ்டெப் 4 விழுந்தது. ஸ்டெப் 4-லிருந்து ஓட்டும்போது (+1) என்றே விட்டால் இன்னும் பிறக்காத தலைமுறையைத் தேடிப் போகும். (0) என்று மாற்ற வேண்டும். ரீஸ்டார்ட்டைக் கவனிக்கும் ஷெட்யூலர் மென்பொருள் இருந்தால் அதுவே திருத்திக்கொள்ளும், இல்லாத இடத்தில் கையால்தான். முதல் ஸ்டெப்பிலிருந்தே ஓட்டுவதானால் முந்தைய ஓட்டத்தில் உருவான சாதாரண டேட்டாசெட்டுகள் குறுக்கே நிற்கும். அவற்றை ஐஇஎஃப்பிஆர்14 (தானாக எதுவும் செய்யாத புரோகிராம்) ஸ்டெப் ஒன்றில் மாட்,டெலிட்,டெலிட் போட்டு முதலிலேயே அழித்துவிடுவது பழைய, நம்பகமான வழக்கம்.

டிபி2-வில் -805 (பேக்கேஜ் கிடைக்கவில்லை), -818 (நேரமுத்திரை பொருந்தவில்லை), -911, -913 (இரண்டும் டெட்லாக் அல்லது டைம்அவுட்) என்ற பிழைக் குறியீடுகள் நான்கையும் காரணத்தோடு தெரிந்து வையுங்கள். -911 வந்தால் அந்த யூனிட் ஆஃப் வொர்க் (கடைசி கமிட்டுக்குப் பின் செய்தவை) முழுவதும் ஏற்கெனவே ரோல்பேக் ஆகிவிட்டது. கடைசி அப்டேட்டை மட்டும் மறுபடி முயலும் புரோகிராம், அதற்கு முன் செய்தவற்றைத் தொலைத்துவிட்டு நல்லபடியாக முடிந்ததாகக் காட்டும். -913-இல் ரோல்பேக் தானாக நடக்காது. முடிவு உங்கள் புரோகிராமின் கையில்.

பொதிதசமம்:

மாற்றும் கருவிகளைப் பற்றிய தயக்கத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஜாவாவும் தெரிந்து காம்ப்-3-யும் தெரிந்தவருக்கு அந்தக் கருவிகளால்தான் வேலை கூடியிருக்கிறது. கருவி எழுதிக் கொடுத்த ஜாவா கம்பைல் ஆகிவிடும். பழைய புரோகிராம் தந்த அதே விடையைக் காசு வரை தருகிறதா என்று நிரூபிப்பதுதான் வேலை.

ரவுண்டட் என்று எழுதாத கோபோல் கணக்கு கடைசி இலக்கத்தை வெட்டும், முழுமையாக்காது. 2-ஐ 3-ஆல் வகுத்து இரண்டு தசம இடமுள்ள புலத்தில் வைத்தால் 0.66. ஜாவாவில் பிக்டெசிமலுக்கு ஹாஃப்_அப் கொடுத்திருந்தால் 0.67. 9(4) புலத்துக்கு 12345-ஐ மூவ் செய்தால் 2345 மட்டும் நிற்கும், எந்தப் பிழையும் வராது. அந்த நடத்தையை நம்பி எழுதிய புரோகிராம்களும் உண்டு. ரீடிஃபைன்ஸ் இருந்தால் ஒரே பைட்டுகளுக்கு இரண்டு மூன்று அர்த்தம், எந்த அர்த்தம் எப்போது என்பது வேறொரு புலத்தின் மதிப்பைப் பொறுத்தது. இதைக் கருவி ஊகிக்கும். ஊகத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டும்.

தரவை வெளியே எடுக்கும்போது நடப்பது இன்னும் மோசம். எஸ்9(3) காம்ப்-3 புலத்தில் +124 இருக்கிறது: 12 4சி. ஃபைலை எஃப்டிபியில் டெக்ஸ்ட் முறையில் இழுத்தால் ஒவ்வொரு பைட்டும் மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து மற்ற கணினிகளின் ஆஸ்கிக்கு மாறும். 12 அப்படியே 12. எப்சிடிக்கில் 4சி என்பது "<" குறி. ஆஸ்கியில் அதற்கு 3சி. ஆக இறங்கியது 12 3சி, அதாவது +123. அதுவும் முறையான பேக்ட் எண்தான். பிழைச் செய்தி இல்லை, ஜாப் விழவில்லை, மொத்தத்தில் ஒன்று குறைகிறது. எஸ்0சி7 வந்து விழுந்திருந்தால் நிம்மதி.

இரண்டு வழி உண்டு. பைனரி முறையில் இழுத்து, காப்பிபுக்கை வைத்துப் புலம் புலமாக மாற்றுங்கள்: எழுத்துப் புலத்துக்கு கோட்பேஜ் மாற்றம், பேக்ட் புலத்துக்கு எண் மாற்றம். அல்லது மெயின்ஃப்ரேமிலேயே டிஎஃப்சார்ட் என்னும் வரிசைப்படுத்தும் கருவியில் அவுட்ரெக் வைத்து, அந்தப் புலத்தை பிடி (பேக்ட்) என்று குறித்து, எடிட் மாஸ்க் கொடுத்துக் குறியோடு கூடிய எழுத்தாக்கி, பிறகு டெக்ஸ்ட் முறையில் இழுங்கள். 2 பைட் புலம் 4 பைட் ஆகும், அதற்கேற்ப ரெக்கார்ட் நீளத்தை மாற்ற மறக்காதீர்கள்.

வரிசைப்படுத்தலிலும் கவனம் வேண்டும். எப்சிடிக்கில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, அப்புறம் எண். ஆஸ்கியில் எண், பெரிய எழுத்து, சிறிய எழுத்து. கீ வரிசையை நம்பி இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் புரோகிராம் மாறிய பக்கத்தில் பாதி ரெக்கார்டுகளைப் "பொருந்தவில்லை" என்று தள்ளும்.

ஐபிஎல்_இரவு:

சிஸ்டம் புரோகிராமர் கதவு திறக்கும், ஆனால் நேராக அல்ல. ஆபரேஷன்ஸ், ஷெட்யூலிங், ஸ்டோரேஜ், ராக்ஃப் (பயனர் அனுமதிப் பாதுகாப்பு) நிர்வாகம் ஆகியவற்றில் ஒன்றின் வழியாக உள்ளே வருவதே நடைமுறை. அனுபவமுள்ளவர்கள் ஓய்வுபெறும் வேகத்துக்கு மாற்று உருவாகாத இடம் இதுதான், ஏனென்றால் இதைப் பாடமாகப் படித்துவிட்டு நேராக வர முடியாது.

முதலில் பழக வேண்டியது எஸ்எம்பி/இ, அதாவது சிஸ்டம் மென்பொருளையும் அதன் திருத்தங்களையும் நிறுவும் கருவி. ரிசீவ் (பெறுதல்), அப்ளை செக் (ஒத்திகை), அப்ளை (நிறுவுதல்), சோதனை, அதன் பிறகே ஆக்செப்ட் (நிரந்தரமாக்குதல்). அவசரத்தில் ஆக்செப்ட் வரை போய்விட்டால் பின்வாங்க வழி அடைபடும். ரெஸ்டோர் செய்யும்போது பழைய பிரதி டிஸ்ட்ரிபியூஷன் லைப்ரரியிலிருந்துதான் வருகிறது. ஆக்செப்ட் அதையே புதியதால் மாற்றிவிடும். இன்னொரு தவறு, ஹோல்ட் (திருத்தத்தை நிறுத்திவைக்கும் எச்சரிக்கை) தடுத்தவுடன் பைபாஸ் போட்டுத் தாண்டுவது. அந்த ஹோல்டின் உள்ளே "ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி தொடங்குதல்) தேவை", "இந்த பேக்கேஜைப் பைண்ட் செய்க" என்று எழுதியிருக்கும். படித்து, செய்ய வேண்டியதைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் பைபாஸ். புதிய ஹோல்ட்டேட்டாவை ரிசீவ் செய்யாமல் அப்ளை செக் ஓட்டுவதும் வீண். பிழையுள்ள பிடிஎஃப் (திருத்தத் தொகுப்பு) எது என்றே அதற்குத் தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்ரெஸ் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) மேல் கை வைக்கக் கூடாது. நகல் எடுத்து, நகலில் அப்ளை செய்து, நகலிலிருந்து ஐபிஎல். விழுந்தால் பழைய வால்யூமிலிருந்து மறுபடி ஐபிஎல். பார்ம்லிபிலும் (சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் லைப்ரரி) அதே முறை: இருக்கும் மெம்பரைத் திருத்தாமல் புது சஃபிக்ஸில் நகல் எடுத்து மாற்றுங்கள்.

அடுத்து கெப்பாசிட்டியும் செயல்திறனும். மென்பொருள் கட்டணம் சிபியு பயன்பாட்டின் நான்கு மணி நேர நகரும் சராசரியின் உச்சத்தை வைத்துப் போடப்படும் இடங்களில், உச்ச நேரத்தில் ஓடும் ஒரு கனமான ஜாபை இரண்டு மணி நேரம் தள்ளினாலே பில் மாறும். எஸ்எம்எஃப் (சிஸ்டம் தன் பயன்பாட்டை எழுதும் பதிவு) வகை 30, 70, 72 ரெக்கார்டுகளைப் படித்து இதைக் காட்டத் தெரிந்தவரை விடமாட்டார்கள். ஜாவா தெரிந்த உங்களுக்கு ஒரு குறிப்பு: இசட்/ஓஎஸ்ஸில் (மெயின்ஃப்ரேம் இயங்குதளம்) ஓடும் ஜாவா, ஜிப் என்னும் தனிப் பிராசசருக்குப் போகத் தகுதியுள்ளது, அந்தப் பளு கட்டணக் கணக்கில் சேராது. மெயின்ஃப்ரேம் புரோகிராம்களை ஏபிஐயாகத் திறக்கும் இசட்/ஓஎஸ் கனெக்ட், லிபர்ட்டி என்னும் ஜாவா சர்வர் மேல் ஓடுகிறது. அந்த இடத்தில் உங்கள் முன்னறிவு நேராகப் பயன்படும்.

பச்சைத்திரை:

பழகும் வழிகள். ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் இலவசம். உண்மையான இசட்/ஓஎஸ்ஸில் நுழைந்து விஎஸ் கோடும் சோவியும் (மெயின்ஃப்ரேமை வெளியிலிருந்து கையாளும் திறமூலக் கருவி) வைத்து ஜேசிஎல், ரெக்ஸ் ஸ்கிரிப்ட், யூனிக்ஸ் சர்வீசஸ் எல்லாம் செய்யலாம். இதில் தொடங்குங்கள். ஓபன் மெயின்ஃப்ரேம் புராஜெக்டின் கோபோல் பாடமும் இலவசமே, 2020-இல் வந்தது.

ஹெர்குலிஸ் (வீட்டுக் கணினியை மெயின்ஃப்ரேம்போல நடக்கவைக்கும் மென்பொருள்) நல்லதுதான், எல்லை தெரிந்து பயன்படுத்துங்கள். அதில் சட்டப்படி ஓட்டக்கூடியது பழைய இயங்குதளமான எம்விஎஸ் 3.8ஜே, டிகே5 தொகுப்பாகக் கிடைக்கிறது. ஐபிஎல் செய்வது, கன்சோல் கட்டளைகள், ஜேசிஎல், ஐடிகேம்ஸ் கருவியை வைத்து விசாம் கிளஸ்டர் உருவாக்குவது, அசெம்பிளர் இவற்றுக்கு அருமை. அதிலிருக்கும் கோபோல் மிகப் பழையது, எண்ட்-இஃப் கூடக் கிடையாது. கோபோல் பழக இலவசக் கம்பைலரான க்னூகோபோல் போதும், ஆனால் அதில் ஜேசிஎல்லும் சிஐசிஎஸ்ஸும் வராது.

சோவி 2018-இல் தொடங்கியது, மூன்றாம் பதிப்பு 2024-இல் வந்தது. 2025-இல் இசட்17 மெயின்ஃப்ரேமும் இசட்/ஓஎஸ் 3.2-உம் வந்தன. வேலை அறிவிப்புகளில் கிட், ஆன்சிபிள், பைத்தான் இவையும் இப்போது சேர்ந்து வருகின்றன. அசெம்பிளரை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

ஐபிஎல்_இரவு:

அசெம்பிளர் விஷயத்தில் உடன்படவில்லை. எழுதத் தேவையில்லை, படிக்கத் தெரிய வேண்டும். பிஎஸ்டபிள்யூ (எந்தக் கட்டளையில் நின்றது என்று காட்டும் நிலைச்சொல்), ரெஜிஸ்டர்கள், பேஸ்-டிஸ்ப்ளேஸ்மெண்ட் (முகவரி கணக்கிடும் முறை) புரியாமல் டம்பைப் படிக்க முடியாது, பழைய எக்ஸிட் (சிஸ்டத்தோடு இணைத்த சொந்த நிரல்) ஒன்றைப் புதிய வெளியீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. சிஸ்டம் பக்கம் வருவதாக இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

புதுவழி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பேட்ச், தரவு மாற்றம் இவற்றில் முதலில் இறங்குகிறேன். வேலை அனுபவம் இல்லாமல் இது தெரியும் என்று எப்படிக் காட்டுவது?

பேட்ச்விண்டோ:

சான்றிதழ்களை அடுக்குவதைவிட ஒரு சிறிய வேலையை முழுதாக முடித்து கிட்டில் வையுங்கள். ஒரு கேஎஸ்டிஎஸ் (கீ வைத்துத் தேடும் விசாம் ஃபைல்), அதை அப்டேட் செய்யும் கோபோல், முன்னால் சார்ட், பின்னால் ரிப்போர்ட், நடுவில் எந்த ஸ்டெப்பில் விழுந்தாலும் எப்படி மறுபடி ஓட்டுவது என்று ஒரு பக்கக் குறிப்பு. உள்ளீட்டில் வேண்டுமென்றே மூன்று கெட்ட ரெக்கார்டுகளைக் கலந்து, அவை தனி ஃபைலுக்குப் போய் எண்ணிக்கை சரிபார்க்கப்படுவதைக் காட்டுங்கள்: படித்தது, எழுதியது, ஒதுக்கியது மூன்றும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும்.

பழைய கம்பைலரிலிருந்து மாறும் வேலையும் இன்னும் நிறையக் கிடக்கிறது. என்டர்பிரைஸ் கோபோல் 4.2-க்கான ஆதரவு 2022 ஏப்ரலில் முடிந்தது. 5-லிருந்து மேலே போனால் லோட் லைப்ரரி (கம்பைல் ஆன புரோகிராம்கள் இருக்கும் இடம்) பிடிஎஸ்இ என்னும் புதிய வடிவில் இருந்தாக வேண்டும், பழைய பிடிஎஸ்ஸில் பைண்ட் ஆகாது. முன்பு எப்படியோ ஓடிக்கொண்டிருந்த கெட்ட ஸோன்ட் (பைட்டுக்கு ஓர் இலக்கம்) தரவு புதிய கம்பைலரில் வேறு விடை தரும். சோதனைக் கம்பைலில் நம்செக்கும் (எண் தரவைச் சோதிக்கும் ஆப்ஷன்) எஸ்எஸ்ரேஞ்சும் (அட்டவணை எல்லையைச் சோதிக்கும் ஆப்ஷன்) போட்டு ஒரு முழுச் சுற்று ஓட்டினால் அவை வெளியே வரும். சிபியு கூடும், அதனால் புரொடக்‌ஷனுக்குப் போகும்முன் எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.