பிள்ளையை சஸ்பெண்ட் செய்துவிட்டார்களா? உடனே டிசி கேட்காதீர்கள் (கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

"பிள்ளையை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், டிசி வாங்கிவிடலாமா?" என்று நேற்று கேட்ட தம்பிக்கும், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் மதுரையிலிருந்து இங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது மூத்தவனின் பன்னாட்டுப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பஸ் வரிசையில் தள்ளுமுள்ளு, இன்னொரு பையனுக்கு உதடு கிழிந்துவிட்டது, ஐந்து நாள் சஸ்பென்ஷன். நான் போய், "டிசி கொடுங்க, வேற பள்ளி பார்த்துக்கிறேன்" என்று கத்திவிட்டு வந்தேன். ஒரு பருவம் முன்னதாக நோட்டீஸ் தராமல் விலகினால் டெபாசிட் போச்சு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று இரவு என் மனைவிதான் பள்ளியின் விதிமுறைக் கையேட்டை எடுத்துப் படித்தாள். சேர்க்கையன்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட அதே கையேடு. காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பிள்ளையின் தரப்பைக் கேட்க வேண்டும், ஐந்து பள்ளி நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அதில் இருந்தது. எங்கள் பையனை யாருமே விசாரிக்கவில்லை. கடிதத்தில் அதை முதல் வரியாக வைத்தோம். சிசிடிவி பதிவைப் பாருங்கள் என்றும் கேட்டோம். அவன் தள்ளியதை மறைக்கவில்லை. முதலில் தள்ளியது அவனில்லை என்று மட்டும் சொன்னோம். ஐந்து நாள் இரண்டானது.

உங்கள் பள்ளியின் கையேட்டில் கெடு வேறாக இருக்கலாம், இன்றே பாருங்கள். போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் திருப்பி எழுதிவிடுங்கள். மற்ற பிள்ளையின் பெற்றோரை வாட்ஸ்அப் குழுவில் இழுக்காதீர்கள். அந்த நாட்களின் பாடமும் தேர்வும் என்னவாகும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள், நாங்கள் கேட்க மறந்து ஒரு தேர்வை இழந்தோம்.

அரசுப் பள்ளியில் கதை வேறு. அங்கே 1959ஆம் ஆண்டு பள்ளி ஒழுங்கு விதிமுறைகள்தான் அடிப்படை. தலைமையாசிரியர் அதிகபட்சம் 14 நாள் வரை இடைநீக்கம் செய்யலாம். பெண் பிள்ளைகளுக்குப் பிரம்படி கூடாது என்பதும் அந்த விதிகளில்தான் இருக்கிறது. முதலில் ஒழுங்கு ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன்பின் மாவட்டக் கல்வி இலாகா, மாநிலக் கல்வி இலாகா என்று போங்கள். எடுத்த எடுப்பில் புத்ராஜெயாவில் இருக்கும் கல்வி அமைச்சுக்கு எழுதினால் கடிதம் சுற்றிவிட்டுக் கீழேயேதான் வரும். மலாய் மொழியில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும்; பக்கத்து வீட்டு மலேசியத் தமிழர் ஒருவரிடம் கேட்டால் அரை மணியில் எழுதித் தருவார்.

பள்ளியை மாற்றத்தான் வேண்டுமென்றால், அதைக் கோபம் தணிந்த பிறகு தனியாக யோசியுங்கள். பன்னாட்டுப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 20,000 ரிங்கிட்டுக்குக் கீழேயும் உண்டு, ஒரு லட்சத்தைத் தாண்டியதும் உண்டு. ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் சிபிஎஸ்இ பள்ளியும் இங்கே இருக்கிறது. அரசுப் பள்ளியில் வெளிநாட்டவர் பிள்ளைக்குக் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும், குடிமக்களுக்குப் போக மிச்சமிருக்கும் இடம்தான் கிடைக்கும். ஆனால் ஆண்டுக் கட்டணம் தொடக்கப்பள்ளிக்கு 120, இடைநிலைப்பள்ளிக்கு 240 ரிங்கிட்தான். தமிழ்ப்பள்ளி (தமிழில் பாடம் நடத்தும் தொடக்கப்பள்ளி) பிடித்துப்போய் சின்னவளை அங்கே சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நாடு முழுக்க 500க்கு மேல் இருந்தாலும் எல்லாமே ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதன்பின் இடைநிலைப்பள்ளியில் மலாய்தான். மலாயில் பின்தங்கியவர்கள் இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் (ரிமூவ் கிளாஸ்) உட்கார வேண்டியிருக்கும். பதின்மூன்று வயதில் மலாய் தெரியாமல் வந்த பிள்ளையை அங்கே தள்ளுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

விசாவையும் பாருங்கள். பிள்ளை உங்கள் வேலை பாஸைச் சார்ந்த டிபெண்டன்ட் பாஸில் (குடும்பத்தினர் தங்குவதற்கான அனுமதி) இருந்தால் பள்ளி மாறுவதில் பெரிய சிக்கல் இல்லை. மாணவர் பாஸ் என்றால் அது அந்தப் பள்ளியோடு கட்டப்பட்டது. விலகியதும் பாஸ் ஆட்டம் காணும். புதுப் பள்ளியில் இடம் உறுதி என்ற கடிதம் கைக்கு வரும்வரை பழைய பள்ளியில் எந்த விலகல் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.