கிளிட்ச் - ‘சறுக்கல்’னு வெச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

கம்ப்யூட்டர் மாதிரி கருவிகள்ல திடீர்னு வந்து தானா மறையற சின்ன தடுமாற்றத்தை இங்கிலீஷ்ல கிளிட்ச்ங்கறாங்க (glitch). அதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்னு நம்ம குழுவுல பேசறப்ப, கிளிட்சுக்கும் ‘வழு’ன்னே போட்டுடலாம்னு ஐயா ஒருத்தர் நேத்து எழுதியிருந்தாரு, எனக்கு மனசு ஒப்பல. பக்குக்கு (bug, மென்பொருள்ல இருக்கற பிழை) வழுன்னு கட்டற்ற மென்பொருள் பக்கம் எழுதி எழுதி நல்லா பழகிடுச்சு, நன்னூல்ல திணை வழு பால் வழுன்னு ஏழு வழு படிச்சவங்களுக்கு சொல்லவே வேணாம். ஆனா பக் ப்ரோகிராம் கோடுக்குள்ளயே உக்காந்திருக்கும், திருத்தற வரைக்கும் போகாது. கிளிட்ச் ஒரு நொடி வந்து தலைய காட்டிட்டு போயிடும், மறுபடி வரவெச்சு காட்டுன்னா பாதி நேரம் வராது.

சொல்லோட பூர்வீகமும் அப்படித்தான் இருக்கு. ஐரோப்பிய யூதர்கள் பேசற இத்திஷ் மொழில கிளிட்ஷ்னா வழுக்கற இடம், ஜெர்மன்ல கிளிட்ஷென்னா வழுக்கறது, அங்கேர்ந்துதான் வந்திருக்கணும்னு அகராதிகள்ல போட்டிருக்காங்க. அமெரிக்க ரேடியோகாரங்க 1940கள்லயே பேச்சுல புழங்கினது, 1962ல விண்வெளி வீரர் ஜான் கிளென் எழுதினப்புறம்தான் வெளிய பரவுச்சு. சர்க்யூட்ல திடீர்னு புது லோடு ஏறினா வோல்டேஜ் ஒரு குதி குதிக்குமே, அதைத்தான் அவர் கிளிட்ச்னாரு. அம்பத்தூர்ல எங்க வீட்ல ஏசி கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கறப்ப ட்யூப்லைட் ஒரு சிமிட்டு சிமிட்டிட்டு பழையபடி எரியும், கிட்டத்தட்ட அதே சங்கதி.

வழுவறதுன்னாலும் நழுவறதுதான், அதனால ஐயா சொன்னது பொருள்ல தப்பே இல்ல, அந்த சீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கு, அவ்ளோதான். அதனாலதான் சறுக்கல்னு கேக்கறேன். ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்றோம்ல, ஆனை விழுந்தே கிடக்கறதில்ல, கால் ஒருதரம் போகுது, சமாளிச்சு நின்னுடுது. கோளாறுன்னா மெக்கானிக் வரணும், தடங்கல்னா வேலையே நின்னுபோயிருக்கணும், ரெண்டும் இங்க ஒட்டல. கிளிட்ச்னே விட்டுடலாம்னு தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு, பேச்சுல இருந்துட்டு போகட்டும் தம்பி, ஆனா திரையில வர்ற செய்திய எங்கம்மாவும் படிக்கறாங்க. ‘சின்ன சறுக்கல், மறுபடி முயலுங்கள்’னு போட்டு காட்டினேன், என்ன ஏதுன்னு கேக்காம பட்டனை அமுக்கிட்டாங்க.

ஒரே இடத்துலதான் இடிக்குது. பல்சார்னு வேகமா சுத்திக்கிட்டே சீரா ரேடியோ துடிப்பு அனுப்பற நட்சத்திரம் இருக்கு, அது சுத்தற வேகம் திடீர்னு கொஞ்சம் கூடிடுச்சுன்னா அதையும் வானியல்ல கிளிட்ச்னுதான் சொல்றாங்க, 1969ல வேலாங்கற பல்சார்ல பாத்த மாதிரி. வேகம் ஏறறதுக்கு சறுக்கல்னா ஒட்டாது, அங்க ‘துள்ளல்’னு தனியா வெச்சுக்கலாம்னு தோணுது. இயற்பியல் படிச்சவங்க யாராச்சும் இதுக்கு பதில் போடுங்க.