பதில்: டியூப்லெஸ் கையேடு – டயருக்குள் ஊற்றும் திரவத்துக்கு ‘அடைபால்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மலைச் சைக்கிள் சக்கரத்தை வீட்டிலேயே டியூப்லெஸ்ஸாக மாற்றும் கையேட்டின் வரைவைப் படித்தேன். செய்முறையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. சொற்களைப் பற்றி மட்டும், உங்கள் கருத்துகளை மேற்கோளிட்டு எழுதுகிறேன்.

> டியூப்லெஸ் என்பதற்குக் ‘குழலிலி’ என்று வைக்கலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் தேவை இல்லை. நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைகளின் பலகைகளில் ‘டியூப்லெஸ்’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பைக் ஓட்டுகிற எல்லாருக்கும் அது பழகிவிட்டது. குழலிலி என்று தலைப்பிட்டால், தேவைப்படுகிறவர் தேடினாலும் நம் கையேடு அவர் கண்ணில் படாது. டயர், டியூப், ரிம், வால்வு, டேப் எல்லாம் அப்படியே இருக்கட்டும். தேர்ச் சக்கரத்தின் நடுக்கட்டைக்குக் குறடு, அதிலிருந்து விரியும் கால்களுக்கு ஆர், வெளிவட்டத்துக்குச் சூட்டு என்று சங்கப் பாடல்கள் தரும் பெயர்கள் மீது எனக்கும் தீராத ஆசை உண்டு. சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அவை உதவாது.

உண்மையிலேயே பெயர் இல்லாமல் நிற்பது ஒரே ஒரு பொருள்: துளையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலண்ட். வரைவிலேயே அது மூன்று பெயர்களில் வருகிறது. ‘முத்திரைத் திரவம்’ என்பதை உடனே நீக்க வேண்டும். அரக்கு முத்திரைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ‘அடைப்பான்’ கேட்க நன்றாக இருந்தாலும், ஆடுமாடுகளைக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் நோயின் தமிழ்ப் பெயர் அது. சீலண்ட் என்றே விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். டியூப்லெஸ்ஸுக்குச் சொன்ன நியாயம் இதற்குப் பொருந்தாது. ஹார்டுவேர் கடையில் சீலண்ட் கேட்டால், ஜன்னல் ஓரத்திலும் குளியலறையிலும் பூசுகிற சிலிக்கான் பசையை எடுத்துக் கொடுப்பார்கள். ஒரே சொல் இரண்டு பொருளைக் குறிக்கும்போது, கையேடு படிப்பவர் தவறானதை வாங்கி வந்துவிடுவார்.

என் முன்மொழிவு: அடைபால்.

இந்தத் திரவங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ரப்பர் மரத்தின் பால்தான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் அதைப் ‘பால்’ என்றே சொல்கிறார்கள். மரத்தைச் சீவுவது ‘பால் வெட்டு’. ரப்பர் ஷீட் அடிப்பதற்கு ஃபார்மிக் அமிலம் விட்டுப் பாலை உறைய வைப்பார்கள். உறையாமல் திரவமாகவே அனுப்ப வேண்டுமென்றால் அம்மோனியா சேர்ப்பார்கள். பல சீலண்ட் புட்டிகளைத் திறந்தவுடன் மூக்கைத் தாக்கும் நெடியும் அந்த அம்மோனியாவுடையதுதான். ஆகவே ‘பால்’ என்று நாம் உவமையாகச் சொல்லவில்லை. அந்தப் பொருளின் சொந்தப் பெயர் அது.

> பஞ்சர் மருந்து என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் பாதிதான் புரியும். சீமைக்கருவேல முள்ளோ நெருஞ்சியோ குத்தியதும், வெளியேறும் காற்று பாலைத் துளைக்குள் தள்ளுகிறது. அதில் மிதக்கும் நுண்துகள்கள் அங்கே சிக்கிக்கொள்ள, சுற்றிலும் ரப்பர் உறைந்து துளையை மூடிவிடுகிறது. இது ஒரு வேலை. முள்ளே குத்தாத நாளிலும் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. 1999-இல் சைக்கிள் சக்கரம் செய்யும் மாவிக் நிறுவனம் கொண்டுவந்த யுஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையில் டயரே காற்றுப் புகாததாக இருந்தது. ரிம்மின் உட்புறத்தில் கம்பித் துளைகளும் கிடையாது. டயர் கனமாக இருந்தாலும் திரவம் இல்லாமலேயே காற்று நின்றது. இன்று வீட்டில் நாம் மாற்றுகிற டயர்களில் பெரும்பாலானவை அப்படி இல்லை. பக்கச் சுவர் மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. பால் அவற்றை அடைத்த பிறகுதான் காற்றுக் கசிவு நிற்கும். மருந்து என்று எழுதினால், பஞ்சர் ஆனபோது ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் நினைப்பார். அவருடைய டயர் காலையில் தரையோடு படுத்திருக்கும்.

> உறைந்து அடைப்பதால் ‘உறைபால்’ என்றால் என்ன?

உறை என்றதும் தமிழ் மனம் தயிருக்குப் போய்விடுகிறது. தவிர, புட்டியில் இருக்கும்வரை அது உறையாமல் இருப்பதே முக்கியம்.

> அடைபாலா, அடைப்பாலா? ‘ஒட்டுப்பால்’ போல ப் வர வேண்டாமா?

வரக் கூடாது. குடிநீர், சுடுநீர் போல அடைபாலும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. மிகுந்தால் பொருளும் கெடும். ‘அடைப்பால் காற்று நின்றது’ என்று எழுதிப் பாருங்கள்: பால் என்ற பொருள் மறைந்து, அடைப்பின் காரணமாக என்றாகிவிடும். ஒட்டுப்பாலில் ‘ஒட்டு’ பெயர்ச்சொல்லாக நிற்பதால் அங்கே ப் வருகிறது. நல்ல வேளையாக அந்தச் சொல்லை நண்பர் நினைவூட்டினார்; அதற்கும் நம்மிடம் வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

டயரின் ஓரத்தில் ரிம்மைப் பற்றி நிற்கும் தடித்த விளிம்புக்கு வரைவில் ‘மணி’ என்று வந்திருக்கிறது. இது ‘பீட்’ (bead) என்ற ஆங்கிலச் சொல்லின் வேறொரு பொருளைப் பெயர்த்ததால் வந்த விபத்து. ‘விளிம்பு’ போதும். அது ரிம்மில் பொருந்துவதற்குக் ‘கவ்வுதல்’ என்ற வினை தானாக வந்து உட்காரும்.

ஒரு கலைச்சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பது என் கொள்கை. நான்காம் பகுதியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்:

“ரிம்மின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். டேப் ரிம்மின் உள் அகலத்தைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். குமிழி எதுவும் கூடாது. வால்வுத் துளைக்கு மேலே சிறு ஓட்டையிட்டு வால்வைச் செருகி, கையாலேயே முடுக்குங்கள். டயரை மாட்டி, இரு விளிம்புகளிலும் சோப்பு நீர் தடவுங்கள். வால்வின் உள்பாகத்தைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரசரால் காற்றை வேகமாகச் செலுத்தினால், விளிம்பு ‘டப்’பென்ற ஓசையோடு ரிம்மைக் கவ்வும். டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. பிறகு காற்றை இறக்கி, வால்வு வழியே அடைபாலை விடுங்கள். 29 அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 100 முதல் 120 மில்லி வேண்டும். உள்பாகத்தைத் திரும்பப் பூட்டிக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றிக் குலுக்கி, இரு பக்கமும் மாற்றி மாற்றிக் கிடத்திவையுங்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பியால் காற்றடிக்காதீர்கள். சில அடைபால்கள் அதில் உள்ளேயே உறைந்துவிடும்.”

சொல் எங்கும் இடறவில்லை. அடைபால் முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘சைக்கிள் கடையில் டயர் சீலண்ட் என்று கேட்டு வாங்குவது’ என ஒரு வரி சேர்த்தால் போதும்.

பராமரிப்புப் பகுதியில் ‘திரவம் ஆவியாகித் தீரும்’ என்பதை ‘அடைபால் வற்றும்’ என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன். சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம் வற்றும். வற்றியபின் டயரின் உட்சுவரில் தோலாகவும் கட்டியாகவும் ஒட்டிக் கிடக்குமே, அதற்கு வரைவில் ‘உலர்ந்த எச்சம்’ என்றிருக்கிறது. வெட்டுப் பட்டையில் வழிந்து காய்ந்த பாலைத் தோட்டத்தில் உரித்தெடுத்து ஒட்டுப்பால் என்று விற்கிறார்கள். இதுவும் காய்ந்த ரப்பர் பால்தான், இதையும் உரித்துத்தான் எடுக்கிறோம். அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளலாம்: ‘புதிய அடைபால் விடுவதற்குமுன் ஒட்டுப்பாலை உரித்தெடுங்கள்.’ குமரி மாவட்டத்து உறுப்பினர்கள் இதற்கு உடன்படுகிறார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.