புதுப்பிப்பு: டிவி ட்யூனர் கிராபிக்ஸ் கார்டு, ஒருவழியாக ஓடுகிறது

கணினியிலேயே டிவி பார்க்க உதவும் இந்தக் கார்டில் டிவி பார்க்கத் தொடங்கினாலே திரையில் கோடு விழுந்து கணினி உறைகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். டிரைவரை மாற்றியும் பயனில்லை. பெங்களூருவில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் (தமிழ்க்காரர்தான்) கார்டைப் பார்த்ததுமே, "கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கு பாருங்க சார்" என்றார். கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராகக் கொடுக்கும் சிறு உருளை. சூட்டில் அதன் உள்ளே இருக்கும் திரவம் கெட்டு வாயு சேர்ந்தால் இப்படி உப்பும். பிறகு சிப்புக்குப் போகும் மின்னழுத்தம் நிலையாக இருக்காது. டிவி ஓடும்போது சுமை கூடுவதால் அப்போதுதான் காலை வாரும். 105 டிகிரி தாங்கும் 'லோ ஈஎஸ்ஆர்' (உள் மின்தடை குறைந்த) வகையாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். நீங்களே மாற்றுவதென்றால் வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது, மைனஸ் பக்கம் மாறவும் கூடாது.

அப்புறம், பெங்களூரு கேபிள் 2013-இல் டிஜிட்டல் ஆனதிலிருந்து, பழைய அனலாக் சிக்னலை மட்டும் பிடிக்கும் இந்த ட்யூனரில் சேனல் தேடிப் புண்ணியமில்லை. செட்டாப் பாக்ஸின் மஞ்சள் வயரை கார்டின் வீடியோ உள்ளீட்டில் செருகுங்கள்.